பாட்டு ஏற்றத் தனி மென்பொருள் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எம்பி3 பிளேயருக்கும் கார் ஸ்டீரியோவுக்கும் பாட்டு ஏற்ற, மெமரி கார்டைச் செல்போன் கடையில் கொடுத்துக் காசு கட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் கணினி இருந்தும், இதற்கென்று ஏதோ மென்பொருள் வேண்டும் என்ற எண்ணம். தேவையே இல்லை. ஐபாட் நீங்கலாகப் பெரும்பாலான பிளேயர்கள் கணினிக்கு ஒரு பென்டிரைவ் மாதிரிதான். பாட்டு ஃபோல்டரைக் காப்பி செய்து, பிளேயரின் மியூசிக் ஃபோல்டரில் பேஸ்ட் செய்தால் போதும். சிக்கல்கள் வருவது வேறு இடங்களில்.

பிளேயர் கணினியில் தெரியவே இல்லையா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மலிவு கேபிள்கள் சிலவற்றில் சார்ஜ் ஏறுவதற்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். அடுத்தது யுஎஸ்பி மோட், அதாவது பிளேயர் கணினியோடு இணையும் முறை. சான்டிஸ்க் கிளிப் பிளஸ் போன்றவற்றில் எம்டிபி, எம்எஸ்சி என இரண்டு உண்டு, செட்டிங்ஸில் மாற்றலாம். எம்எஸ்சியில் வைத்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் டிரைவாகத் திறக்கும். எம்டிபி மேக்கில் தானாக வேலை செய்யாது. ஒரு மோடில் ஏற்றிய பாட்டுகள், மற்ற மோடில் இணைக்கும்போது கணினியில் தெரியாது. அழிந்துவிட்டதோ என்று மறுபடி ஏற்றி இடத்தை அடைக்க வேண்டாம்.

கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்கு ஃபார்மட் என்று பெயர். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் வருகின்றன. பழைய பிளேயர்கள், ஸ்டீரியோக்கள் பலவற்றுக்கு ஃபேட்32 மட்டுமே படிக்கத் தெரியும். கார்டு கெட்டுப்போனது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது பெரும்பாலும் இதனால்தான். 32 ஜிபி கார்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. 128 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டுகள் ஆறாயிரத்துக்கு மேல் கொள்ளும். 320 கேபிபிஎஸ் என்றாலும் 2,500 பாட்டு தேறும். இதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்?

அதிகம் எரிச்சலூட்டுவது வரிசைதான். மலிவு பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதில்லை; கார்டில் எந்தக் கோப்பு முதலில் பதிவானதோ அதை முதலில் பாடும். கச்சேரிப் பதிவு மங்களத்தில் தொடங்கி வர்ணத்தில் முடிவது இப்படித்தான். கணினியிலேயே கோப்புப் பெயர்களின் முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கமாக எண் கொடுங்கள். வெறும் 1, 2 என்றால் 1-க்குப் பிறகு 10 வந்து நிற்கும் கருவிகள் உண்டு. பிறகு கார்டில் உள்ள பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு, புதிதாக வரிசைப்படி காப்பி செய்யுங்கள். கார்டில் இருக்கும் கோப்புக்குப் பெயர் மாற்றுவதால் மட்டும் பதிவு வரிசை மாறிவிடாது. லினக்ஸ் வைத்திருப்போர் கார்டை அன்மவுன்ட் செய்துவிட்டு ஃபேட்சார்ட் என்ற சிறு நிரலை ஓட்டினால், திரும்பக் காப்பி செய்யாமலே வரிசை சீராகும்.

மேக்கிலிருந்து ஏற்றினால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு போலிக் கோப்பு கூடவே சேர்ந்து, பிளேயர் அதைப் பாட முடியாமல் தவிப்பதுண்டு. பெயர் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும். தயங்காமல் அழித்துவிடலாம்.

தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், எம்பி3டேக் நிரலில் ஐடி3 (பாட்டுக் கோப்புக்குள்ளேயே பெயர், ஆல்பம் போன்ற விவரங்களைப் பதியும் முறை) பதிப்பு 2.3, எழுத்துக் குறிமுறை யுடிஎஃப்-16 என்று வைத்துச் சேமித்துப் பாருங்கள். பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் அதுவும் பலிக்காது. ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்க வேண்டும். ஆல்பம் என்ற இடத்தில் ஏதாவதொரு இணையதளத்தின் பெயர் இருந்தால் அதையும் அப்போதே திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நூறு படப் பாட்டும் ஒரே ஆல்பமாகக் குவியும்.

ஐபாட் மட்டும் தனி ரகம். டிரைவாகத் திறந்து பாட்டை உள்ளே போட்டாலும் பாடாது. தனது தரவுத்தளத்தில் ஏறிய பாட்டைத்தான் அது பட்டியலில் காட்டும். 2022-இல் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. கிளாசிக், வீடியோ போன்ற பழைய ஐபாட்களில் ராக்பாக்ஸ் என்ற இலவச ஃபர்ம்வேரை (கருவியை இயக்கும் உள் மென்பொருளை) நிறுவினால் ஃபோல்டராகவே ஏற்றிக் கேட்கலாம். ஐபாட் ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்க வேண்டும். மேக்கில் ஃபார்மட் செய்ததை முதலில் விண்டோஸில் ரீஸ்டோர் செய்தாக வேண்டும். அப்போது உள்ளிருக்கும் பாட்டுகள் எல்லாம் போய்விடும் என்பதால், பிரதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை