மேட்டுத்தெரு வடிகாலில் கைகொடுத்தவர்களுக்கு

மேட்டுத்தெருக்காரர்களுக்கும், அங்கே புது வடிகால் கட்டிய வேலையில் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

பெயர்தான் மேட்டுத்தெரு, ஊரில் லேசாகத் தூறினாலே முதலில் தண்ணீர் கட்டுவது அங்கேதான். இந்த ஐப்பசி கார்த்திகையில் மழை அடித்த அடிக்குத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை, வடிகாலில் இறங்கி நேராக வாய்க்காலுக்குப் போய்விட்டது. அதற்காக எனக்கு நிறையப் பேர் நன்றி சொல்கிறீர்கள், ஒரு வீட்டில் சால்வைகூட வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி. நான் நகராட்சியில் பணி ஆய்வாளர். ஒப்பந்ததாரர் ஆள் வைத்துச் செய்கிற வேலை எஸ்டிமேட்டில் உள்ளபடி நடக்கிறதா என்று கூடவே நின்று பார்ப்பதும், அளப்பதும், சரியில்லை என்றால் நிறுத்தச் சொல்வதும் என் வேலை, அதற்குச் சம்பளம் வருகிறது. சம்பளம் இல்லாமல் அதே வேலையைப் பார்த்தவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். சால்வை அவர்களுக்குப் போக வேண்டியது. யார் யார் என்று எழுதிவிடுகிறேன், பெயர் போட்டால் சிலருக்குக் கூச்சமாக இருக்கும், அடையாளம் சொன்னாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் நம் தூய்மைப் பணியாளர்கள். மேடு பள்ளம் அளக்கிற லெவல் மெஷின் வருவதற்கு முன்பே ஒரு அக்கா சொன்னார்: "சார், மேக்கால சாய்ச்சா தண்ணி போவாது, பிள்ளையார் கோயில் முக்குல திரும்பி நிக்கும்." மெஷினை வைத்து, எதிரே அளவுகோலைப் பிடித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான். மழைக்காலம் முழுக்க அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டவருக்குத் தெரியாததா? அப்புறம் வரைபடத்தில் சாய்வைக் கிழக்கே திருப்பினோம்.

சாய்வு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஒரு சாக்கடை கட்ட இவ்வளவு நாளா" என்று கேட்டவர்கள் உண்டு. நம் டெல்டா நிலம் பாய் விரித்த மாதிரி. தெரு நீளம் 240 மீட்டர். 500-க்கு 1 என்று சாய்வு வைத்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மொத்த இறக்கமே 48 சென்டிமீட்டர்தான். இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகலாமே என்றால், வாய்க்கால் நிறைந்து ஓடும்போது அதன் தண்ணீர் மட்டம் நம் வடிகால் தரைக்கு மேலே வந்துவிடும், ஊர்த் தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாக வாய்க்கால் தண்ணீர் தெருவுக்குள் வரும். ஆக அந்த 48-க்குள்தான் எல்லா விளையாட்டும்.

அதனால்தான் பெரிய கொத்தனாருக்கு என்னுடைய கும்பிடு. கோயில் முக்குப் பக்கம் பி.சி.சி., அதாவது அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட், போட மிக்ஸர் ஓட ஆரம்பித்துவிட்டது, நான் மறுகோடியில் கம்பி இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் நூலை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு "நிறுத்து" என்றார். மேஸ்திரிக்குக் கோபம், போட்ட கலவை வீணாகிவிடுமே என்று. கொத்தனார் காதில் வாங்கவில்லை, இடுப்பில் சுற்றி வைத்திருந்த டியூப் லெவலை, தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாயை, எடுத்தார், ஒரு முனையைச் சித்தாளிடம் கொடுத்தார், குழாயில் இருந்த காற்றுக் குமிழி வெளியேறும் வரை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார், பிறகு மட்டம் பிடித்தார். மட்டத்துக்கு அடையாளமாக அடித்திருந்த முளைக்குச்சி 3 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. ராத்திரி ஏதோ மாடு இடித்திருக்க வேண்டும், சுற்றிக் குளம்படி கிடந்தது. 48-ல் 3 என்பது சின்ன விஷயம் இல்லை, அந்த இடத்தில் ஒரு மேடு விழுந்து அதற்குப் பின்னால் வருஷம் பூரா கொசு வளர்ந்திருக்கும். கலவையில் கொஞ்சம் வீணானது உண்மைதான். ஆனாலும் மெஷினை வைத்துக்கொண்டு நான் திரும்பப் பார்த்தபோது அவர் சொன்ன கணக்கில் மயிரிழை மாற்றமில்லை.

பள்ளத்தில் ஊற்று எடுத்த கதை தெருவுக்கே தெரியும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்குள் பள்ளத்து வேலையை முடித்துவிட வேண்டும் என்பது இங்கே என்னைப் போன்ற எல்லா ஓவர்சியருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் வேலை உத்தரவு கைக்கு வரும்போதே வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. களிமண் பூமி, ஒரு மீட்டர் தோண்டினாலே சுற்றிலும் கசிகிறது, ஒப்பந்ததாரரின் மோட்டார் முக்குகிறது. அப்போது குறுவை நாற்றங்காலுக்கு வைத்திருந்த டீசல் என்ஜினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார் கீழத்தெரு விவசாயி ஒருவர். டீசல் காசையாவது வாங்கிக்கொள்ளச் சொல்லி நாங்கள் கெஞ்ச வேண்டியிருந்தது.

குடிநீர் வால்வு திறக்கும் அண்ணனுக்குத் தனியாக. பழைய குழாய் எங்கே போகிறது, எந்த வீட்டு வாசலில் வளைகிறது என்பதெல்லாம் எங்கள் வரைபடத்தைவிட அவர் தலையில் தெளிவாக இருக்கிறது. ஜேசிபி பக்கெட் இறங்கும் இடத்துக்கெல்லாம் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு குழாயும் உடையவில்லை, ஒரு வேளையும் தெருவுக்குத் தண்ணீர் நிற்கவில்லை.

இனி ஓய்வுபெற்ற கண்டக்டர் ஐயா. சிமெண்ட் எவ்வளவு போனது என்பதற்குக் காலிப் பையை எண்ணுவதுதான் எங்கள் வழி. எம்-20 கலவை (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டியது), சிமெண்ட் 1, மணல் ஒன்றரை, ஜல்லி 3 என்ற விகிதத்தில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை பிடிக்கும், கான்கிரீட் அளவும் பையும் பொருந்த வேண்டும். ஐயா திண்ணையில் உட்கார்ந்து, பிரிக்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் தூணில் சாக்பீஸால் ஒரு கோடு, ஐந்தாவதுக்கு மேலே ஒரு குறுக்குக் கோடு. ஒருநாள் என் நோட்டும் அவர் தூணும் ஒரு மூட்டை இடித்தது. ஈரம் ஏறிக் கட்டிதட்டிப் போன மூட்டையை நான் ஒதுக்கிவைத்ததை அவர் கவனிக்கவில்லை, அதைக் காட்டிய பிறகுதான் கோட்டை அழித்தார். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவரிடம் கணக்கில் யாரும் விளையாட முடியாது. (தூணை வெள்ளையடித்துத் தருகிறேன் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார், விடாதீர்கள்.)

மிக்ஸர் ஓட்டிய தம்பிக்கும் நன்றி. கலவை இறுகலாக இருந்தால் ஒரு வாளி தண்ணீர் சேர்த்து ஊற்றிவிடுவது எல்லா சைட்டிலும் நடக்கிறது, தள்ளுவதற்குச் சுலபம், ஆனால் காய்ந்தபின் பலம் போய்விடும். 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டர் சொச்சத்துக்கு மேல் கூடாது என்று நான் ஒரு தடவை சொன்னதுதான், வாளியில் பெயிண்டால் கோடு கிழித்துவிட்டார். மணல் ஈரமாக வந்த அன்று கோட்டுக்குக் கீழேயே நிறுத்தினார், அது நான் சொல்லிக்கொடுக்காதது.

கம்பி கட்டிய பையன்கள், கம்பி கான்கிரீட்டுக்கு வெளியே தெரியாமல் இருக்க வைக்கிற கவர் பிளாக் கட்டைகளை ஒன்றுகூட விடாமல் வைத்தார்கள். அவர்களுக்கு டீயும் மசால்வடையும் கடனுக்குக் கொடுத்த டீக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி, பாக்கி தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கான்கிரீட்டின் பலம் பார்க்கிற கியூப் விஷயம்தான் எனக்குப் பிடித்தது. கான்கிரீட் போடும் அன்று அதே கலவையில் 15 சென்டிமீட்டர் கட்டிகள் பிடித்து வைப்போம், மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், 7-ம் நாள் மூன்று, 28-ம் நாள் மூன்று என்று ஆய்வகத்தில் வைத்து நசுக்குவார்கள். தொட்டி? சைட்டில் கிடையாது. நடுவீட்டு அத்தை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு மாட்டுக்கு அண்டா வைத்தார். "கல்லு ஊறுதா தம்பி, வெந்துட்டுதா" என்று தினமும் கேலி வேறு. ஒரு கட்டி 8 கிலோவுக்கு மேல், அத்தனையையும் சாக்கில் சுற்றிக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரர், ஆடினால் விளிம்பு உடையும் என்று பள்ளத்துக்குப் பள்ளம் இறங்கித் தள்ளினார். 28-ம் நாள் 20 வர வேண்டிய இடத்தில் மூன்றும் 24-ஐத் தாண்டின. சீட்டைப் பார்த்து என்னைவிட அத்தைக்குத்தான் சந்தோஷம்.

மேலே போட்ட சிமெண்ட் சாலை காய்ந்து வெடிக்காமல் இறுகத் தண்ணீர் கட்டி வைத்தது நடவுக்குப் போகும் இரண்டு அக்காமார்கள். களிமண்ணைப் பிசைந்து வரப்பு எடுத்துப் பாத்தி பிரித்தார்கள். எங்கள் ஆட்கள் கட்டிய வரப்பு சாயங்காலத்துக்குள் உடையும், அவர்கள் கட்டியது கடைசி நாள் வரை ஒரு சொட்டு விடவில்லை. வடிகால் சுவரில் தண்ணீர் நிற்காது என்பதால் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம், அது காயாமல் பார்த்துக்கொண்டது அந்தந்த வீட்டுக்காரர்கள். வளைகாப்பு நடந்த வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பலகை மேலே நடந்து போனார்கள். நாய் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை, நான்கு கால் தடம் மூன்றாவது பாத்தியில் இருக்கிறது, இருக்கட்டும்.

மனு போட்டவருக்கும் நன்றி, நிஜமாகத்தான் சொல்கிறேன். வாசல்படி இடிபடுகிறது என்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வரை போனார். விசாரணை வந்தது, தெருவில் வைத்தே, செய்த வேலையின் அளவைப் பதிகிற அளவு புத்தகத்தைத் திறந்து, டேப்பை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னோம். அதன்பிறகு படியை அவரே ஆள் வைத்து எடுத்தார், அடுத்த வீட்டு வேலையில் கான்கிரீட் கனத்தை டேப் வைத்துப் பார்த்ததும் அவர்தான்.

எங்கள் உதவிப் பொறியாளர் மேடத்துக்கு ஒரு வரி போதாது. ஒருமுறை எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்கிற மணல், லோடு ஒன்று வந்தது, கண்ணாடிப் பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மேலே தூசி விரற்கடை கனத்துக்குப் படிந்தது, நூற்றுக்கு 8 பங்கைத் தாண்டினால் வேண்டாம் என்பது எங்கள் கணக்கு, இது அதற்கெல்லாம் மேலே. லோடைத் திருப்பச் சொன்னேன். அனுப்பியவர்கள் தரப்பிலிருந்து யார் யாரோ போன் செய்தார்கள். மேடம் பாட்டிலைத் தன் மேஜை மேல் வைத்துக்கொண்டு, பேச வந்தவர்களிடம் அதைக் காட்டினார், அவ்வளவுதான். ஒப்பந்ததாரரும் அன்று முணுமுணுத்தாரே தவிர, லாரி வாடகையைத் தானே ஏற்று வேறு மணல் கொண்டுவந்தார். அவருக்கு இந்த வேலையில் பெரிய லாபம் இருக்காது என்று எனக்குத் தெரியும். நன்றி சார்.

இன்னும் இரண்டு மூடிகள் பாக்கி, கோயில் முக்கில் ஒன்று, பால் சொசைட்டி எதிரே ஒன்று, மிதித்தால் டொக்கு டொக்கென்று ஆடுகிறது. தை பிறந்ததும் மாற்றிவிடுவோம், அதுவரை வண்டியை அதன் மேல் நிறுத்தாதீர்கள். கழிவறைக் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக வடிகாலில் சொருகப் பார்க்கிற அந்த ஒரு வீட்டுக்காரருக்கு மட்டும் இப்போதைக்கு நன்றி இல்லை, நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பணி ஆய்வாளர்