ஒன்பதாம் பந்தியை நீக்கிவிடு

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மனு வரைவை நேற்றிரவு இரண்டு தடவை வாசித்தேன். ஆசிரியர் நியமன விளம்பரத்தில் "சித்திரப் பாடத்தில் பட்டம்" என்று மட்டும் கேட்டுவிட்டு, நேர்முகப் பரீட்சையில் உங்கள் சான்றிதழ்களில் "கட்புலக் கலை" என்று எழுதியிருப்பதைக் காட்டி ஆறு பேரையும் திருப்பி அனுப்பியது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. நான்கு ஆண்டுகள் தூரிகையும் களிமண்ணுமாக இருந்த பிள்ளைகளிடம் நீங்கள் படித்தது சித்திரம்தானா என்று கேட்டால் மனம் கொதிக்கத்தான் செய்யும்.

முதலில் காலத்தைக் கவனி. அடிப்படை உரிமை மனுவானால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. நேர்முகம் முடிந்து இன்றோடு 16 நாட்கள். மாகாண நியமனம் என்பதால், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தந்த அதிகாரத்தின்படி மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது அதிகாரிகளுக்கு நீதிமன்றம் இடும் கட்டளை, கோரும் வழியும் உண்டு. எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி முடிவு செய்யட்டும்.

நீங்கள் காட்டியிருக்கும் இந்தியத் தீர்ப்புகளில் நீதிமன்றப் பெயர்கள் குழம்பிக் கிடக்கின்றன. அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்துக்குரியது; அவர்களுடைய உச்ச நீதிமன்றமே நமது உயர் நீதிமன்றத்துக்கு ஒப்பானது. அந்த உச்ச நீதிமன்றம், தகுதியை வகுப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு, ஒரு சான்றிதழ் இன்னொன்றுக்கு நிகரா என்று நீதிமன்றம் தீர்மானிக்க முடியாது என்று 2018இல் கூறியிருக்கிறது. அதனால் "எங்கள் பட்டம் நிகரானது எனப் பிரகடனம் செய்க" என்ற உங்கள் முதல் வேண்டுகோள் எதிர்த்தரப்புக்கே வசதியாகிவிடும். 2024 நவம்பரில் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் கொண்ட அமர்வு, ஆட்சேர்ப்பு தொடங்கிய பின், விதியோ விளம்பரமோ இடம் தராதவிடத்து, தகுதி நிபந்தனைகளை இடைநடுவில் மாற்றலாகாது என்றது. இங்கே அது கட்டுப்படுத்தாது என்றாலும் உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் இல்லாத நிபந்தனை நேர்முக மேசையில் எப்படி முளைத்தது என்று கேளுங்கள். நிராகரித்த காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். நமது அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையின் சமத்துவத்தை அதோடு சேருங்கள். ஒவ்வொருவருடைய பாடநெறி விபரமும் சத்தியக்கடதாசியுடன் இணைக்கப்பட வேண்டும். நான்கு ஆண்டுகளில் எத்தனை அலகுகள் சித்திரம் என்பதை அது காட்டும்.

இனி ஒன்பதாம் பந்தி. கல்வியியல் கல்லூரி டிப்ளோமாவுடன் வந்தவர்கள் தரம் குறைந்தவர்கள், அவர்களுக்கு நியமனம் கொடுத்துவிட்டுப் பட்டதாரிகளை ஒதுக்கியது தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். மகள், உன் அப்பாவிடம் பட்டம் இல்லை. ஆசிரியர் கலாசாலைச் சான்றிதழோடு 31 ஆண்டுகள் கற்பித்தேன். இடம்பெயர்ந்த காலத்தில் வர்ணப்பெட்டி கிடைக்காமல், மஞ்சளும் கரியும் செங்கல் தூளும் குழைத்துப் பிள்ளைகளை வரையவைத்தேன். இந்த மண்ணில் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கிய காலத்திலும், பின்னர் ஓவியர் மாற்கு மாஸ்டர் தலைமுறை தலைமுறையாக மாணவரை உருவாக்கிய காலத்திலும், இங்கே சித்திரத்துக்கென்று பல்கலைக்கழகப் பட்டம் இருக்கவில்லை. பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீ படித்ததில் எனக்கிருக்கும் பெருமை உனக்குத் தெரியும். ஆனால் உனக்குக் கதவை மூடியவர் அந்த டிப்ளோமாக்காரர் அல்ல. அவரை எதிர்மனுதாரராகச் சேர்த்தால் வழக்கும் நீளும், நாளை ஒரே ஆசிரியர் அறையில் முகம் பார்க்கவும் முடியாது.

அந்தப் பந்தியை எடுத்துவிட்டு வரைவை மறுபடி அனுப்பு. மற்ற ஐவரிடமும் நான் சொன்னதாகச் சொல். சட்டத்தரணியின் கட்டணத்தில் உன் பங்கை, இம்மாத ஓய்வூதியம் வந்ததும் அனுப்புகிறேன். அம்மா சுகமாக இருக்கிறார்.

அன்புடன்,
அப்பா