நெட்டையனின் மாத்திரை

அன்புள்ள குமார்,

இங்கே எல்லோரும் நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நெட்டையனின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டர் சந்தேகப்பட்டபடியே க்ரானிக் மயலாய்டு லுகேமியாதான். இமாடினிப் தொடங்கியாயிற்று. "ரத்தப் புற்றுநோய்க்கு வெறும் மாத்திரையா?" என்று நீ கேட்பாய் என்று தெரியும். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் நீ யாரையும் பேசி முடிக்க விடமாட்டாய்.

அந்த மாத்திரை பிடித்து முடக்குவது ஒரு கைனேஸை. நம் செல்களில் கைனேஸ் என்ற புரதங்கள் 500-க்கு மேல் இருக்கின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தில் ஒட்டுவதுதான் அவற்றின் வேலை. ஒட்டியதும் அந்தப் புரதத்தின் நடத்தை மாறும். பாஸ்படேஸ் என்ற வேறு வகைப் புரதம் வந்து அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். கிரெப்ஸ், ஃபிஷர் என்ற இரு விஞ்ஞானிகள் 1950-களில் தசையில் இதைக் கண்டுபிடித்தார்கள். நோபல் பரிசு 1992-ல்தான் வந்தது.

"சுவிட்ச்தானே" என்று உடனே முடித்துவிடாதே. கல்லூரியிலிருந்தே உனக்கு இந்தப் பழக்கம். எலியின் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கும் பிசி12 செல்களைப் பார். ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் ஈஆர்கே என்ற கைனேஸ் கொஞ்ச நேரம் முடுக்கிவிடப்பட்டு அடங்குகிறது, செல் பெருகுகிறது. என்ஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் அதே ஈஆர்கே மணிக்கணக்கில் ஓய்வதில்லை. செல் பெருகுவதை விட்டுவிட்டு, நரம்பு செல்லைப் போல நீளமாக இழை விடுகிறது! எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பதே செல்லின் தலைவிதியை மாற்றுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது சிலிர்ப்புதான். கரு வளரும்போது ஒரு சில கைனேஸ்களை வைத்துக்கொண்டே இத்தனை விதமான திசுக்கள் எப்படி உருவாகின்றன என்பதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற கைனேஸ் இன்னும் விசித்திரம். அதில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறி அது அளவுக்கு மீறி வேலை செய்தால், எலும்பு நீளாமல் குட்டையாகிவிடுகிறது. வளர்ச்சியை அடக்குவதுதான் அங்கே அதன் பொறுப்பு.

நெட்டையனுக்கு நடந்ததும் இப்படி ஒரு கைனேஸ் அளவு மீறியதுதான். ரத்தம் உற்பத்தியாகும் செல் ஒன்றில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டன. இப்படி ஒரு மாற்றம் நடக்கிறது என்று 1973-லேயே ஜேனட் ரௌலி என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். அதனால் ஏபிஎல் (ABL) என்ற கைனேஸ் பிசிஆர் (BCR) என்ற இன்னொரு புரதத்தின் துண்டோடு ஒட்டிப் பிறந்து, அடங்கவே மறுக்கிறது. வெள்ளை அணுக்கள் பெருகிக்கொண்டே போகின்றன. ஏடிபி வந்து உட்காரும் குழியில் இமாடினிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாஸ்பேட் கிடைக்காமல் அந்தக் கைனேஸ் முடங்குகிறது. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. இன்று இந்த நோயோடு பலர் ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ்கிறார்கள்.

கவலை எனக்கு வேறு இடத்தில். அந்தக் குழியில் 315-ஆம் இடத்தில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலம் மாறிவிட்டால் இமாடினிப் ஒட்டாது. அதற்கும் பொனாடினிப் என்ற வேறு மருந்து இருக்கிறது என்றாலும், அங்கே போகாமல் இருப்பதுதான் நல்லது. மாத்திரையை அடிக்கடி விட்டால் நோய் கட்டுக்குள் நிற்காது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. அவர் சொல்லும்போதெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கும் போக வேண்டும். நம் ஆளோ ஜுரம் இறங்கிய மறுநாளே மருந்தைத் தூக்கிப் போடுகிறவன். நான் சொன்னால் சிரித்து மழுப்புகிறான். உனக்கு மட்டும்தான் அவன் அடங்குவான். இந்த வாரமே அவனைக் கூப்பிடு, ஒவ்வொரு மாதமும் கூப்பிடு, மாத்திரை போட்டாயா என்று கேள்.

அன்புடன்,
பாலா