எப்படி அடிபட்டது என்று சொல்லு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில், "எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லன்னுட்டாங்கப்பா, சுளுக்குதானாம்" என்றபோது சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் தூக்கமே வரவில்லை. பேசினால் பாதியில் குரல் அடைத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். அம்மா இதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள். ஆபீஸுக்குக் கிளம்பும் முன் படித்துவிடு.

நீ அனுப்பிய படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேனோ தெரியாது. முறிவுக் கோடு என் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் ஐந்து நாள் ஆகியும் அந்தக் காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை என்கிறாய். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கியது என்றும் சொன்னாய். சாதாரணச் சுளுக்கில் வீக்கம் மெல்லத்தான் ஏறும். உடனே திரண்டால் பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அது உள்ளே சவ்வு அறுந்ததால் இருக்கலாம், எலும்பு முறிந்ததாலும் இருக்கலாம்.

31 வருஷம் எக்ஸ்ரே அறையில் நின்றவன் நான். சீட்டில் "முழங்கால் வலி" என்று மட்டும்தான் எழுதியிருக்கும். மேஜையில் படுக்க வைக்கும்போதே "எப்படி அடிபட்டது?" என்று கேட்பேன். பதில் சரியாக வந்தால் எந்த எலும்பை உற்றுப் பார்க்க வேண்டும் என்று பிடிபட்டுவிடும். சிமெண்டுத் தரையில் முட்டி நேராக மோதினால், முட்டிக்கு முன்னால் மூடி மாதிரி இருக்கிற சில்லு எலும்பு நட்சத்திரம் மாதிரி சிதறும். படி தவறி, விழாமல் இருக்கக் காலை வெடுக்கென்று இறுக்கியவருக்கு, முட்டி தரையில் படாமலே தொடைச்சதை இழுத்து அதே சில்லு குறுக்கே இரண்டாகும். அப்படி ஆனவரால் காலை நீட்டியபடி படுக்கையிலிருந்து தூக்க முடியாது. நேற்று உன்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னது அதற்குத்தான். நீ தூக்கிவிட்டாய். அந்தமட்டில் நிம்மதி.

ஆச்சிக்கு ஆனது வேறு. புறவாசலில் ஒரே ஒரு படி சறுக்கினாள், முட்டிக்குச் சற்று மேலே தொடை எலும்பு போய்விட்டது. வாலிபப் பையனுக்கு அந்த இடம் உடைய வேண்டுமென்றால் வண்டி வேகத்தில் மோத வேண்டும். 74 வயதில் எலும்பு உள்ளே சல்லடையாகிவிட்டிருந்தது. அந்தப் படத்தை நானேதான் எடுத்தேன். உடைந்த துண்டைக் கெண்டைச்சதை பின்னால் இழுத்திருந்தது. அதற்கு நேர் பின்னால்தான் காலுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய். பாத விரல்களைத் தொட்டு, சூடு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது உன் விஷயம். சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தி இடது காலை ஊன்றியிருந்தாய். இடப்பக்கம் நுழைந்த காரின் பம்பர் முட்டியின் வெளிப்பக்கம் இடித்தது. அதன் பிறகுதான் கீழே விழுந்தாய். ஆஸ்பத்திரியில் "வண்டியிலிருந்து விழுந்தேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமே என்று பயந்திருப்பாய், புரிகிறது. ஆனால் இந்த ஒரு விவரம் இல்லாததால்தான் அவர்கள் அந்த இடத்தைத் தேடியிருக்க மாட்டார்கள்.

ஊன்றிய காலில் வெளியிலிருந்து இடித்தால் முட்டி உள்பக்கம் மடங்கும். தொடை எலும்பின் வெளிக்குமிழ், கீழே இருக்கிற எலும்பின் மேல்தளத்தில் உலக்கை மாதிரி இறங்கும். வெளிப்பக்கத் தளம் உள்பக்கத்தைவிட மென்மையானது, அதனால் அதுதான் முதலில் அடி வாங்கும். அமெரிக்காவில் காட்டன், பெர்க் என்ற இரண்டு டாக்டர்கள் 1929இலேயே காரின் ஃபெண்டர் பெயரில் இந்த முறிவை எழுதினார்கள். பம்பர் முறிவு என்றும் சொல்வோம். பிறகு ஷாட்ஸ்கர் என்ற எலும்பு டாக்டர் இந்தத் தள முறிவுகளை ஆறு வகையாகப் பிரித்தார். அதில் மூன்றாவது வகையில் எலும்பு பிளக்காது, தளம் மட்டும் உள்ளே அமுங்கும். ஈரச் சுவரில் கட்டைவிரலை அழுத்தியது போல ஒரு பள்ளம். கோடே இல்லாதபோது படத்தில் எதைப் பார்ப்பது?

இன்னொன்று. பக்கவாட்டுப் படத்துக்கு உன்னை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள் என்றாய். வழக்கமான முறை அதுதான், தப்பில்லை. மல்லாந்து படுக்க வைத்துக் கொஞ்சம் பொறுத்து, கதிரைக் குறுக்கே விட்டு எடுத்தால் வேறொன்று தெரியும். எலும்பு விரிசல் மூட்டுக்குள் திறந்திருந்தால் மஜ்ஜைக் கொழுப்பும் ரத்தத்தோடு கசியும். ஆறின குழம்பில் எண்ணெய் மிதக்கிற மாதிரி கொழுப்பு மேலே, ரத்தம் கீழே, நடுவில் நேர்கோடு. முறிவே தெரியாத படத்தில் அந்தக் கோட்டை மட்டும் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

கூப்பிடாத நாளும் உண்டு. சாரத்திலிருந்து குதித்த கொத்தனார் ஒருவர். அன்று கூட்டம், நான் எதுவும் கேட்கவில்லை. படம் சுத்தமாக இருந்தது, அனுப்பிவிட்டோம். அவர் அந்தக் காலோடு வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு மாதம் கழித்து வந்தபோது தளம் இறங்கி, முட்டி உள்பக்கம் சாய்ந்து நடந்தார். அந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் இன்றைக்கே எலும்பு டாக்டரைப் பார். கார் இடித்ததை அப்படியே சொல்லு, சீ.டி. ஸ்கேன் தேவையா என்று கேள். அதிலும் தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. கேட்கலாம். அதுவரை அந்தக் காலில் பாரம் வேண்டாம். அறைத்தோழி சொல்கிறாள் என்று எண்ணெய் போட்டு உருவ விடாதே. கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, கல்லாக இறுகினாலோ, விரல் மரத்தாலோ, நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். சின்னப் பள்ளம் என்றால் பெல்ட் போட்டு ஆறேழு வாரம் ஊன்றாமல் இருக்கச் சொல்வார்கள். பெரிதென்றால் தூக்கி வைத்துப் பிளேட் போடுவார்கள். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்று ராத்திரி கோவில்பட்டியில் முத்துநகர் ரயில் ஏறுகிறேன். ஆச்சியின் ஊன்றுகோல் பரணில்தான் இருக்கிறது, உனக்கு உயரம் பத்தாது. எழும்பூரில் இறங்கி வேறு வாங்கிக்கொண்டு வருகிறேன். எழுந்து வந்து கதவைத் திறக்காதே, சாவியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து வை.

அப்பா