முறுக்கு டப்பாவுக்கு அடியில்

பாப்பா,

அம்மா எழுதுவது. போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம். முறுக்கை முதலில் எடுத்து வை, நமுத்துவிடும்.

வியாழக்கிழமை உன் ரூம்மேட்டுக்குக் கருவைக் கலைப்பது பற்றி ஒரு சந்தேகம் என்றாய். நேரில் பேசலாம் என்று வைத்துவிட்டேன். முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் பேசுகிற பேச்சா அது? அதற்கப்புறம் நீயும் போன் எடுக்கவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. நீ முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த புடவையைத்தான் கோமதியம்மன் கோயிலுக்குக் கட்டிப் போனேன், எல்லாரும் விசாரித்தார்கள்.

சரி, அந்தப் பெண்ணிடம் சொல். கடைசியாக மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும், தள்ளிப்போன நாளிலிருந்து அல்ல. 9 வாரத்துக்குள் என்றால் மாத்திரை போதும். முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். இரண்டாவதற்குப் பிறகுதான் வலியும் ரத்தப்போக்கும் வரும், வழக்கத்தைவிட அதிகமாகவே வரும். பெரிய நாப்கின் மணிக்கு இரண்டு வீதம் இரண்டு மணி நேரம் முழுக்க நனைந்தால், இல்லை காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நின்றால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருந்துக்கடையில் சும்மா வாங்கிப் போடக் கூடாது. முதலில் டாக்டர், ஸ்கேன். கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கிப் போடக் கூடாது, சொல்லிவிடு.

நாள் கடந்திருந்தால் உறிஞ்சி எடுப்பார்கள், சில நிமிஷ வேலை. சுரண்டி எடுக்கும் பழைய டி அண்ட் சி வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஒழுங்காகச் செய்தால் பிரசவத்தைவிட ஆபத்து குறைவு. பின்னால் பிள்ளை நிற்காது என்று பயமுறுத்துவார்கள், அது பொய். பப்பாளி, எள்ளு என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

18 வயது முடிந்தவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். கல்யாணமானவளா என்பது பேச்சே இல்லை. 2021-இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தியபோது கணவன் என்ற சொல்லை எடுத்துவிட்டுத் துணைவர் என்று போட்டார்கள். பெயரை வெளியே சொல்லவும் கூடாது.

கையெழுத்து என்றதும் கை நிற்கிறது. சித்திக்குக் கட்டி, அதனால் ஆபரேஷன் என்றுதானே உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். கட்டி இல்லை பாப்பா. கல்யாணமான புதிது, டீச்சர் டிரெய்னிங் முடியட்டும் அக்கா என்று என்னிடம்தான் முதலில் வந்தாள். நான் புருஷன் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாடி என்றேன். 1971 சட்டம் அதைக் கேட்கவே இல்லை. எனக்கும் தெரியும். அவள் மாமியார் என்னைத் திட்டுவாளே என்று பயந்து நானாகக் கேட்டேன். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சரிக்கா என்றாள். மூன்றாம் நாள் கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு வந்து கிடந்தாள், உடம்பு அனலாய்க் கொதித்தது. கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். நீ பிறந்ததும் உன்னை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டாள். ஒரு நாள்கூட என்னை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பொதிகை ரயிலில் வருகிறேன், டிக்கெட் கிடைத்தது. அப்பாவிடம் கண் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன். எழும்பூருக்கு வந்து நிற்காதே, ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். அதற்குள் மாத்திரை எதையும் போட்டுவிட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல். ரத்த வகையையும் கேட்டு வை. நெகட்டிவ் என்றால் ஊசி வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். உனக்கு ஓ நெகட்டிவ், அப்பாவைப் போல.

அம்மா