கை ஆடியிருந்தால் கோரைப்புல்லும் கலங்கியிருக்க வேண்டுமே: லென்ஸ் சர்வீஸ் குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் விவரச் சீட்டில்) உள்ள அதே பெயர், அதே முகவரி,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
லென்ஸ் சர்வீஸ் பிரிவு, சென்னை.

நாள்: 03.02.2025

பொருள்: 150-600 எம்எம் லென்ஸில் சர்வீஸுக்குப் பின் ஃபோகஸ் முன்தள்ளி விழுவது; இரண்டாம் முறையும் சரிசெய்யாமல் திருப்பி அனுப்பியது தொடர்பாக.

ஐயா,

ஜூம் வளையம் 400 எம்எம்முக்கு மேல் திரும்பாமல் இறுகிப்போனதால் 18.11.2024 அன்று லென்ஸைக் கூரியரில் அனுப்பினேன். ஜிஎஸ்டி சேர்த்து 9,440 ரூபாய் வாங்கிக்கொண்டு 16.12.2024 அன்று திருப்பித் தந்தீர்கள். வளையம் இப்போது வழுவழுவென்று திரும்புகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் போகும்போது இல்லாத ஒரு கோளாறு வரும்போது கூடவே வந்துவிட்டது.

22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை அங்கே பார்க்க குளிர்காலத்தை விட்டால் வேறு காலம் கிடையாது. அன்று நல்ல வெயில். 600 எம்எம், லென்ஸ் துளை எஃப் 6.3, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் வேகம் நொடியில் 2500இல் ஒரு பங்கு. ஒற்றைப் புள்ளி ஃபோகஸை வாத்தின் கண்ணிலேயே வைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் 340 படங்களில் ஒன்றில்கூடக் கண் தெளிவாக இல்லை. வாத்துக்கு முன்னால் நின்ற கோரைப்புல் மட்டும் தாள் தாளாக எண்ணிவிடலாம் போல அவ்வளவு கூர்மை!

26ஆம் தேதி மறுபடி அனுப்பினேன். கேமரா பாடியையும் சேர்த்து அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, லென்ஸ் மட்டும் போதும் என்றார்கள். 20.01.2025 அன்று வந்த ஜாப் ஷீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "லென்ஸில் குறை இல்லை. கை ஆட்டம். ஷட்டர் வேகத்தைக் கூட்டவும்."

ஐயா, கை ஆடினால் படம் முழுக்கத்தான் ஆடும். வாத்து கலங்கி, அதற்கு ஓரடி முன்னால் உள்ள புல் மட்டும் தெளிவாக இருந்தால் அதற்குப் பெயர் கை ஆட்டம் இல்லை, ஃபோகஸ் முன்னால் விழுகிறது. பத்து வருடமாக இந்த வேலையைப் பைத்தியம் மாதிரிச் செய்கிறவனுக்கு இது தெரியாதா?

சரி, என் கையை நம்ப வேண்டாம் என்று கேமராவை முக்காலியில் (டிரைபாடில்) மாட்டியே சோதித்துப் பார்த்தேன். ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை அணைத்து, டைமர் வைத்து, மொட்டைமாடியில் இருக்கும் செம்பருத்தியை எடுத்தேன். லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்த பத்துப் படங்களிலும் மகரந்தத் தூள் வரை தெரிகிறது. அதே இடத்திலிருந்து, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஃபோகஸ் செய்த பத்திலும் பூ மங்கலாகி, அதற்கு முன்னால் இருக்கும் மொட்டு தெளிவாக விழுகிறது. கேமரா மெனுவில் ஃபோகஸ் திருத்தத்தை அதன் எல்லையான +20 வரை தள்ளியும் பற்றவில்லை. நண்பர் ஒருவரின் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள) பாடியில் மாட்டினாலும் இதே கதைதான். என் பாடியில் வேறு லென்ஸ்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன.

போனில் பேசிய உங்கள் டெக்னீஷியன் தம்பி, மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) பாடியில் அடாப்டர் போட்டுப் பார்த்ததாகவும் படம் அருமையாக வந்ததாகவும் சொன்னார். வராமல் என்ன செய்யும்? மிரர்லெஸ், படம் பதியும் சென்சாரை வைத்தே ஃபோகஸ் செய்கிறது. டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தனி ஃபோகஸ் சென்சார்தான் அளக்கிறது. அந்த அளவுக்கும் லென்ஸுக்கும் உள்ள கணக்குதான் பிசகியிருக்கிறது. நோய் தெரியாத இடத்தில் சோதித்துவிட்டு நோயே இல்லை என்கிறீர்கள். பிரித்துப் பூட்டிய பிறகு இதைச் சரிபார்க்காமல் விட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

இது சின்ன விஷயமும் இல்லை. 600 எம்எம்மில் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியை எஃப் 6.3இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழமே ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்தான். அலகு நுனிக்கும் வாலுக்கும் இடையிலேயே அது முடிந்துவிடும். துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்துச் சமாளிக்கலாம் என்றால், காலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ எகிறி இறகெல்லாம் மணல் கொட்டின மாதிரி ஆகிறது.

நான் கேட்பது, லென்ஸை என் பாடியோடு சேர்த்து வாங்கி, வியூஃபைண்டர் ஃபோகஸிலேயே சோதித்து, கட்டணமின்றிச் சரிசெய்து தரவேண்டும். இருவழிக் கூரியர் செலவும் உங்களுடையது. முடியாது என்றால் 9,440 ரூபாயைத் திருப்பித் தந்துவிடுங்கள், நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். 17.02.2025க்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் அதற்காகச் சென்னைக்கு அலையவும் வேண்டியதில்லை.

இரண்டு ஜாப் ஷீட்டுகளின் நகல், பில், செம்பருத்திப் படங்கள் இருபது, வாத்துப் படங்கள் ஐந்து ஆகியவற்றை திருத்தாத மூல (ரா) ஃபைலாகவே பென் டிரைவில் இணைத்துள்ளேன். வாத்துகள் கிளம்புவதற்கு அதிக நாள் இல்லை. பாடியை எந்தத் தேதியில் அனுப்புவது என்பதை மட்டுமாவது முதலில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்