தாமான் குடியிருப்போர் சங்கம்: 2024 ஆம் ஆண்டுச் செயலறிக்கை

தலைவருக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் ஒன்றுகூடல், மாணவர் உதவிநிதி, தீபாவளி விருந்து மூன்றும் வழக்கம்போல் நடந்தன.

ஆண்டின் பெரும்பணி, வீடுகளின் பின்னால் ஓடும் கால்வாய்தான். கிள்ளான் பண்டமாரானிலிருந்து கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் போகும் ஷா ஆலம் விரைவுச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை உண்டு. நம் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போவது அதில்தான். பாலத்தடியில் பாதை தாழும் இடங்களில், மணலும் வெட்டிய புல்லும் நீர்வாயை அடைத்தால் அரைமணி மழைக்கே சக்கரம் முங்கும். சாலையோர நீரும் நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) நீரும் ஒரே பெரிய கால்வாயில்தான் சேர்கின்றன. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் நாம் கால்வாயில் மெத்தையைப் போடலாமா?

கால்வாய் வாயிலிருந்த பழைய வலை செங்குத்தானது. ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டினாலே இலை அடுக்கி நீர் மேலேறும். அதை எடுத்துவிட்டு, 12 மில்லிமீட்டர் கம்பிகளை 5 சென்டிமீட்டர் இடைவெளியில் சாய்வாகப் பொருத்தினோம். இப்போது குப்பை மேலே ஒதுங்குகிறது, அடியில் நீர் ஓடுகிறது. குறுக்குக் கம்பி பின்பக்கம்தான் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் குப்பை வாரியின் பல் மாட்டும். பற்றவைத்தவர் முன்னால் வைத்துவிட்டதால் வெட்டி மாற்ற வேண்டியதாயிற்று. பழைய இரும்புக்கு விற்க யாரும் கழற்றிப் போகாதிருக்க, வலையின் கீலைச் சிமெண்டில் பதித்துள்ளோம்.

விரைவுச்சாலைக்குள் நாம் இறங்கக் கூடாது; புகார்தான் வழி. “டோல் பக்கத்தில் தண்ணீர்” என்றால் ரோந்து வண்டி எங்கே தேடும்? கிலோமீட்டர் பலகை எண், கிள்ளான் நோக்கியா ஸ்ரீ பெட்டாலிங் நோக்கியா, மோட்டார் சைக்கிள் பாதையா கார்த் தடமா என்பதைச் சொல்லுங்கள். படம் எடுக்க வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்குவோரைப் பின்னால் வருபவர் மோதுவதும் அப்படித்தான்.

கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுத் துப்புரவுப் பணிக்கு வாட்சாப்பில் சம்மதம் சொன்னவர்கள் பலர். மண்வெட்டியோடு வந்தவர்கள் எப்போதும் வருகிற அதே சிலர். சந்தா மாதம் 2 ரிங்கிட், ஒரு தே தாரிக் (பால் தேநீர்) காசு. அதையும் பாதி வீடுகள் கட்டவில்லை. வாசலுக்குப் போய்க் கேட்டால் “அடுத்த மாதம்” என்கிறார்கள். கால்வாய் நிறைந்தால் மட்டும் முதல் அழைப்பு செயலாளருக்கு வருகிறது. இது நியாயமில்லை.

கணக்கைப் பொருளாளர் விளக்குவார். வலைச்செலவு போகக் கையிருப்பு குறைந்துள்ளது, கடனில்லை.

நன்கொடையாளர்களுக்கும், தள்ளுவண்டி தந்த கோயில் நிர்வாகத்திற்கும், உடன் உழைத்த சூராவ் (முஸ்லிம் தொழுகைக்கூடம்) நண்பர்களுக்கும் நன்றி.

மழைக்காலத்தில் வலையை வாரம் ஒருமுறை வாரியாக வேண்டும். தனி ஆளாக அடுத்த ஆண்டும் என்னால் இயலாது. லோரோங்கிற்கு (சந்துக்கு) இருவர் முன்வந்தால் பொறுப்பில் தொடர்வது பற்றி யோசிப்பேன். பெயர்களைப் பொருளாளரிடம் இன்றே கொடுக்கலாம். சந்தா ரசீதுப் புத்தகமும் அவரிடமே இருக்கிறது.

செயலாளர்